வலது கை செயலிழந்தது, பேச்சு மாறியது, பிறகுதான் தலைவலி வந்தது: இது மைக்ரேன்தானா, எப்படி அடையாளம் காண்பது?

கேள்வி: கரிசல்காட்டுக்காரி

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு படிக்கிறாள். காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் நடந்ததை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். சுருக்கமாகச் சொன்ன இடத்தில் எல்லாம் ஆளுக்கொரு நோயின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதனால் இந்த முறை சுருக்கப்போவதில்லை.

பள்ளி விட்டு வந்தவள் பால் வேண்டாம் என்றாள். முகம் வெளிறியிருந்தது. அடிக்கடி கொட்டாவி விட்டாள். வெயிலில் வந்த களைப்பு என்று விட்டுவிட்டு அடுப்பு வேலையைப் பார்த்தேன். ஏழாம் வாய்ப்பாடு எழுத உட்கார்ந்தவள், "அம்மா, விடையை எல்லாம் காணவில்லை" என்றாள். நோட்டைப் போய்ப் பார்த்தால் எல்லாம் இருக்கிறது. "ஏழு பெருக்கல் மூன்று" வரை தெரிகிறதாம், அதற்கு வலப்புறம் தெரியவில்லையாம். கண்ணைக் கசக்கிக்கொண்டே, அந்த இடத்தில் கோணல்மாணலாக ஏதோ மின்னுகிறது என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மதமதவென்று இருப்பதாகச் சொன்னாள். பிறகு மணிக்கட்டு, முழங்கை என்று ஏறியது. அதன் பின் உதடு, நாக்கின் வலது ஓரம். பென்சில் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், விரல் மடங்கவில்லை. "தண்ணீர் வேண்டுமா?" என்றேன். "சீப்பு" என்றாள். திரும்பவும் கேட்டேன். "சீப்பு... சீப்பு" என்றாள். தான் சொல்வது தவறு என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். எழுந்து நடந்தபோது வலது கால் தரையில் இழுபட்டது.

ஆச்சி திருநீறு பூசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு அண்ணன் காரை எடுத்துவிட்டார். போகும் வழியில் பேச்சு திரும்பியது. மருத்துவமனை வாசலில் இறங்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை வாந்தி எடுத்தாள். டியூப் லைட்டைப் பார்க்க முடியாமல் என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அங்கே இருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "பரீட்சை நடக்கிறதா?" நான் அன்று சும்மா இருந்தது என் மகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதற்காக மட்டுமே. சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வலிப்பாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரவு முழுவதும் தூங்கினாள். காலையில் எழுந்து இட்லி கேட்டாள். இரண்டு கையும் நன்றாக வேலை செய்தன.

பிறகு மதுரையில் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். எம்ஆர்ஐ, இஇஜி இரண்டும் சரியாக இருப்பதாகச் சொன்னார். அவர் கேட்ட கேள்விகள் எனக்குப் புதிதாக இருந்தன. பஸ்ஸில் போனால் வாந்தி எடுப்பாளா? (எடுப்பாள். திருச்செந்தூர் போய்வந்தால் இரண்டு பை வேண்டும்.) நான்கைந்து வயதில் காரணமே இல்லாமல் விட்டு விட்டு வாந்தி வந்ததா? (வந்தது. ஆச்சி மாந்தம் என்று சொல்லி உரை மருந்து கொடுப்பார்.) வீட்டில் யாருக்கு ஒற்றைத் தலைவலி? (எனக்கு, என் அம்மாவுக்கு.) "காம்ப்ளிகேட்டட் மைக்ரேன்" என்றார். வலிப்பு மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லிவிட்டு, மைக்ரேன் வராமல் தடுக்க இரவில் ஃப்ளூனரிசின் என்ற மாத்திரை எழுதினார். வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள். அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

இங்கே கேட்கிறேன். அடுத்த முறை வந்தால் இது மைக்ரேன்தான், பக்கவாதமோ வலிப்போ இல்லை என்று வீட்டில் இருப்பவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு முறையும் காரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டுமா? கை கால் விழுந்து எழுந்தபிறகு வருகிற தலைவலியை மைக்ரேன் என்று சொன்னால் என் மனம் இன்னும் ஒப்பவில்லை.

பதில்: தாமிரபரணித் தம்பி

அக்கா, முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள். என் அண்ணன் மகனுக்கும் தலைவலி, எழுத்து மறைகிறது என்றுதான் தொடங்கியது. கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டது. சைனஸும் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, ஒரு மருத்துவர் வலிப்பு மாத்திரை கொடுத்த பிறகு இன்னொருவர் சொன்னார் என்று நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில்: மஞ்சள்வயல் (ஈரோடு)

சகோதரி, நீங்கள் எழுதியதை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். "நம் வீட்டுக் கதையை யார் எழுதியது?" என்றார். எங்கள் மகனுக்கு இப்போது பதினான்கு வயது. ஏழு வயதில் முதல் தடவை வந்தது. எங்களுக்குச் சொன்ன பெயர் ஹெமிப்ளீஜிக் மைக்ரேன், அதாவது ஒரு பக்கம் கை கால் பலம் குறைந்து வரும் வகை.

தம்பி சொன்ன கண்ணாடி விஷயத்தைப் பற்றி ஒன்று. பார்வைக் குறைவு நாள் முழுவதும் இருக்கும். எழுத்து சற்று நேரம் மறைந்து, மின்னி, தானாகத் திரும்புகிறது என்றால் அது பெரும்பாலும் கண்ணில் நடப்பது இல்லை. எங்களுக்கும் கண், சைனஸ், பல் என்று ஒரு சுற்று ஆன பிறகுதான் நரம்பியல் பக்கமே போனோம்.

பிள்ளைகள் தலைவலி என்று சொல்லவே மாட்டார்கள் என்பதுதான் இதில் பெரிய தொல்லை. என் மகன் சொன்னது "அம்மா, நீ தூரத்தில் குட்டியாக இருக்கிறாய்". நான் அவன் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். மற்றொரு நாள் தன் கை பெரிதாக வீங்கிவிட்டது என்று அழுதான். கை அப்படியே இருந்தது. கனவு கண்டு பயந்திருக்கிறான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினார்கள். மருத்துவரிடம் போனபோது அவர் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, ஒரு தாளையும் கலர் பென்சிலையும் கொடுத்து, "தலைவலி வரும்போது என்ன தெரிகிறதோ அதை வரை" என்றார். பையன் தன் வகுப்பு ஆசிரியையை வரைந்தான். புடவை, பொட்டு, சாக்பீஸ் எல்லாம் இருந்தது, முகத்தில் இடது பாதி மட்டும் இல்லை. அந்த இடத்தில் கறுப்பு வெள்ளையில் ரம்பப்பல் கோடு. நாங்கள் இத்தனை மாதம் வாயால் கேட்டு வாங்க முடியாததை அவன் அந்தத் தாளில் போட்டுவிட்டான். உங்கள் மகளையும் வரையச் சொல்லுங்கள், ஆனால் நீங்கள் எதையும் எடுத்துக்கொடுக்காதீர்கள். வண்ண வண்ணமாக உருண்டை உருண்டையாகத் தெரிந்து சில நொடிகளில் மறைகிறது என்று வரைந்தால், அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். மூளையின் பின்பக்கத்தில் வரும் வலிப்பு அப்படி இருக்கும் என்று எங்களிடம் சொன்னார்கள்.

நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவது: எத்தனை மணிக்கு முதல் அறிகுறி, அடுத்து என்ன, அது எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், அன்று காலை சாப்பிட்டானா, முந்தைய இரவு எப்போது தூங்கினான், விளையாடும்போது தலையில் பட்டதா. கடைசிக் கேள்வி எங்களுக்கு முக்கியம். கேரம் போர்டு விளிம்பில் லேசாகத் தலை இடித்துக்கொண்ட நாளில்கூட அவனுக்கு வந்திருக்கிறது. பசியும் அப்படித்தான். காலை உணவை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனால் மதியத்துக்குள் அழைப்பு வரும்.

பள்ளியில் எழுத்து மூலமாகக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் அந்த ஆசிரியை மாறியதும் விஷயமும் போய்விடும். அவன் பையில் ஓர் அட்டை இருக்கிறது. நோயின் பெயர், வந்தால் எப்படி வரும், ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாய் குழறும்போது தண்ணீரோ மாத்திரையோ ஊட்டக் கூடாது, எங்கள் எண், எப்போது 108-ஐ அழைக்க வேண்டும் என்று தமிழில் எழுதி லேமினேட் செய்திருக்கிறோம். ஆங்கிலத்தில் எழுதியதை அவசரத்தில் வாட்ச்மேன் படிக்க முடியாமல் நின்றதற்குப் பிறகு செய்த ஏற்பாடு.

பதில்: பழைய ஸ்டெதஸ்கோப்

அம்மா, நான் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் மகளைப் பார்க்காமல் இது இன்னதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதுபோல் ஒரு வரலாற்றை என் மாணவர்கள் எழுதிக் கொடுத்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். இந்த நோயை ஸ்கேன் பிடித்துத் தராது. வரலாறுதான் பிடித்துத் தரும். "பரீட்சை நடக்கிறதா?" என்று கேட்ட இளைஞர் "முதலில் எது, அடுத்து எது?" என்று கேட்டிருந்தால் அங்கேயே பாதி முடிந்திருக்கும்.

உங்கள் மகளுக்கு வந்த வரிசையைப் பாருங்கள். முதலில் பார்வை, பிறகு விரல், முழங்கை, உதடு, அதன் பின் பேச்சு, பலவீனம், கடைசியில் தலைவலி. ஒன்று முடிந்து ஒன்றாக, நிமிடக் கணக்கில் நகர்ந்திருக்கிறது. மூளையின் பின்பகுதியில் தொடங்கும் ஒரு மின் அலை, ஈரத் துணியில் மை பரவுவதுபோல முன்னோக்கி மெதுவாகப் போகிறது. அது எந்த இடத்தைக் கடக்கிறதோ, அந்த இடத்தின் வேலை முதலில் தாறுமாறாகிறது, பிறகு சற்று நேரம் நின்றுபோகிறது. அதனால்தான் முதலில் மின்னல், அப்புறம் இருட்டு; முதலில் ஊசி குத்தல், அப்புறம் மரப்பு. கார்ல் லாஷ்லி என்ற உளவியல் அறிஞர் தனக்கு வந்த பார்வை மறைப்பையே நேரம் குறித்து வரைந்து பார்த்து, நிமிடத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஏதோ ஒன்று மூளையின் மேல் நகர்கிறது என்று 1941-இல் கணக்குப் போட்டார். 1944-இல் லியாவ் என்ற பிரேசில் நாட்டவர் முயலின் மூளையில் அப்படி ஓர் அலையையே கண்டுபிடித்தார். கை கால் விழுந்த பிறகு வரும் தலைவலியை மைக்ரேன் என்று ஏற்க மனம் ஒப்பவில்லை என்றீர்களே, அந்த அலை முன்னால் போக, வலி பின்னால் வருகிறது. அவ்வளவுதான் விஷயம்.

பக்கவாதத்தில் இப்படி நகர்வு இருக்காது. கை, முகம், பேச்சு எல்லாம் பெரும்பாலும் ஒரே அடியாகப் போகும். மின்னல், ஊசி குத்தல் போன்ற முன்னோட்டமும் பொதுவாக இருக்காது. வலிப்பு நேர் எதிர். மைக்ரேன் போல அதுவும் பரவும், ஆனால் நொடிக் கணக்கில். கை வெட்டும், கண் ஒரு பக்கமாகச் சொருகும், முடிந்த பிறகு சில மணி நேரம் அந்தக் கை சோர்ந்து கிடக்கலாம். கைக்கடிகாரம்தான் இங்கே உங்களுடைய முதல் கருவி.

இதை எல்லாம் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். குழந்தைகளின் பக்கவாதத்திலும் தலைவலி வரும், வாந்தி வரும். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு குழந்தையின் கை கால் விழுந்தால் அதைப் பக்கவாதம் என்றே வைத்துக்கொண்டு ஓட வேண்டும். நீங்கள் ஓடினீர்கள். அதுதான் முறை. பரவிய வேகத்தை வழியில் குறித்துக்கொள்ளலாம். போவதா வேண்டாமா என்று அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஹெமிப்ளீஜிக் மைக்ரேன் என்று முறைப்படி சொல்லவே குறைந்தது இரண்டு தாக்குதல் வேண்டும், வேறு காரணம் இல்லை என்றும் காட்ட வேண்டும்.

அடுத்த சந்திப்பில் உங்கள் மருத்துவரிடம் "எந்த வகை?" என்று கேளுங்கள். காம்ப்ளிகேட்டட் மைக்ரேன் என்பது நாங்கள் பழக்கத்தில் சொல்வது. சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் வெவ்வேறு பெயர்களில் பிரித்து வைத்திருக்கிறார்கள். உண்மையான பலவீனம் வந்தால் ஒரு வகை. பலவீனம் இல்லாமல் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, குழறல், காதில் இரைச்சல், தள்ளாட்டம் என்று மூளைத்தண்டு தொடர்பாக வந்தால் வேறு வகை. உங்கள் மகள் வாய்ப்பாட்டைத் தொலைத்தது, காலை இழுத்தது இரண்டையும் வைத்துப் பார்த்தால் முதல் வகையின் பக்கம்தான் என் சந்தேகம். ஆனால் மரத்துப்போன கையையும் பலமிழந்த கையையும் குழந்தைகள் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். மரத்த கையாலும் பென்சில் விழும். அடுத்த முறை வந்தால் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒரு கை மெல்லத் திரும்பிக் கீழே இறங்கினால் அது பலவீனம். சிரிக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கைபேசியில் வீடியோ எடுங்கள். நாங்கள் பார்க்கும்போது எல்லாம் சரியாகிவிட்டிருக்கும், அந்த வீடியோதான் எங்களுக்குச் சாட்சி.

பெற்றோரை அதிகம் கலங்கடிப்பது குழப்ப வகை. என் வார்டில் ஒரு பையன், பத்து வயது இருக்கும். டென்னிஸ் பந்து நெற்றியில் பட்டது. அடி ஒன்றும் பெரிதல்ல, தொடர்ந்து விளையாடினான். பின்பு வீட்டுக்கு வந்தவனுக்கு அம்மாவைத் தெரியவில்லை. "நீ யார்?" என்று கத்துகிறான், கட்டிலைவிட்டு இறங்கி ஓடுகிறான், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறான். பேய் பிடித்துவிட்டது என்று ஒரு கூட்டம், கஞ்சாவாக இருக்குமோ என்று ஒரு போலீஸ்காரர். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, சர்க்கரை அளவு சரியாக இருந்தது, காய்ச்சல் இல்லை. தூங்கினான். எழுந்தபோது தெளிவாக இருந்தான், நடந்தது எதுவும் நினைவில்லை. அவன் அம்மாவுக்கு மாதந்தோறும் மைக்ரேன். இதுபோன்ற குழந்தையை யாரும் "மைக்ரேன், தூங்கவிடுங்கள்" என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ரத்தக்கசிவும் மூளைக்காய்ச்சலும் சர்க்கரைக் குறைவும் இதே வேஷத்தில்தான் வரும். அவற்றை எல்லாம் தள்ளிய பிறகு எஞ்சுவதுதான் இது.

மைக்ரேன் போலவே நடிக்கும் இன்னொன்றை உங்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மோயமோயா என்று ஒரு நோய். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் மெல்ல மெல்ல அடைபடும். குழந்தை ஏங்கி ஏங்கி அழுதபோதோ, சூடான கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தபோதோ, பலூன் ஊதியபோதோ கை விழும். வேகமாக மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு குறைந்து ரத்தக்குழாய் சுருங்குவதால் வருவது. சாதாரண எம்ஆர்ஐயில் இது தப்பிவிடலாம். ரத்தக்குழாய்களைத் தனியாகப் பார்க்கும் எம்ஆர் ஆஞ்சியோகிராம் வேண்டும். உங்கள் அறிக்கையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம்தான் விழுகிறது என்றாலும் சந்தேகப்பட வேண்டும். மைக்ரேன் பெரும்பாலும் பக்கம் மாறும்.

ஈரோட்டுச் சகோதரி தலையில் பட்டதை எழுதி வைப்பது மிகச் சரி. குடும்பங்களில் வரும் ஹெமிப்ளீஜிக் வகைக்கு மூன்று மரபணுக்கள் தெரியும். அவற்றில் CACNA1A என்று எழுதப்படும் சிஏசிஎன்ஏ1ஏ மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்கு லேசான அடியே தாக்குதலைக் கிளப்பும், அரிதாகக் காய்ச்சலும் மயக்கமுமாக முற்றும். உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் தலைவலியோடு எப்போதாவது கை கால் சோர்ந்ததா என்பதைச் சொல்லுங்கள். பாட்டிகள் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மருந்து. தம்பி பயப்பட வேண்டாம். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதுதான் ஆபத்து, மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைப்பது அல்ல. தலைவலி தொடங்கியதும், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அல்லது இபுபுரூஃபன் கிலோவுக்கு 10 மில்லிகிராம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். காய்ச்சல் இருந்தால் இபுபுரூஃபன் வேண்டாம், நம் ஊரில் டெங்கு எப்போதும் வாசலில் நிற்கிறது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. பெரியவர்களின் மைக்ரேனுக்குத் தரும் சுமட்ரிப்டான் போன்றவை, ரத்தக்குழாயைச் சுருக்குவதால், பலவீன வகையிலும் மூளைத்தண்டு வகையிலும் விலக்கப்பட்டவை. உங்களுக்கு எழுதிய மாத்திரை வீட்டில் இருக்கிறது என்று மகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வலி மாத்திரையை வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீட்டினால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும்.

ஃப்ளூனரிசினில் தூக்கமும் எடை கூடுவதும் வரும், கவனியுங்கள். சில மாதங்களில் டோபிரமேட் என்ற இன்னொரு தடுப்பு மருந்துக்கு மாற்றினால், வியர்வை குறையும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கரிசல் வெயிலில் விளையாடும் குழந்தைக்கு அது சின்ன விஷயமில்லை. தடுப்பு மருந்துகளின் மேல் எனக்குப் பெரிய பக்தியும் இல்லை. 2017-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 8 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு அமிட்ரிப்டிலின், டோபிரமேட், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை இம்மூன்றில் ஆளுக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து இரண்டும் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. நேரத்துக்குத் தூக்கம், காலை உணவு, தண்ணீர் இம்மூன்றையும் நான் மருந்துச் சீட்டிலேயே எழுதுவேன். சிரிப்பார்கள்.

ஒவ்வொரு முறையும் ஓட வேண்டுமா என்றால், வகை உறுதியாகி, வீட்டில் எதுவரை பார்க்கலாம் என்று உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை, ஆம். எழுதிக் கொடுத்த பிறகும், வழக்கமான வரிசையில் வராமல் திடீரென்று விழுந்தால், வழக்கமான நேரத்தில் சரியாகாவிட்டால், காய்ச்சலோ கழுத்து விறைப்போ இருந்தால், கை வெட்டினால், எழுப்பினால் எழாவிட்டால், பலமான அடிக்குப் பிறகு வந்தால் 108. இவை இல்லாமல், அதிகாலையில் வலியே குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்பி வாந்தி வருகிறது, நடை தள்ளாடுகிறது, புதிதாக மாறுகண் வந்திருக்கிறது என்றால் அது வேறு கதை. அன்றே காட்ட வேண்டும்.

பதில்: விசில் சார்

நான் உடற்கல்வி ஆசிரியர். விளையாட்டு வகுப்பு முடிந்து, மேசையில் தலை வைத்துப் படுக்கும் பிள்ளையை நாங்கள் சோம்பேறி என்றுதான் நினைக்கிறோம். அந்த அட்டையை வகுப்பாசிரியரிடம் கொடுக்கும்போது எங்களிடமும் ஒன்று கொடுங்கள். தலையில் பந்து படுவதைப் பார்ப்பது நாங்கள்தான்.

கரிசல்காட்டுக்காரி

டாக்டர் ஐயா, சகோதரி, தம்பி, சார், எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் போனில் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்பு தலைவலி வந்த ஒரு நாள் இடது கையால் குடத்தைத் தூக்க முடியாமல் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தாராம். "அதை எல்லாம் யாரிடம் சொல்வது?" என்கிறார். நீங்கள் எழுதியது அப்படியே.

எம்ஆர்ஐ அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஆஞ்சியோகிராம் என்ற சொல்லே அதில் இல்லை. அதோடு ஒரு பயம். அவள் பள்ளியில் புல்லாங்குழல் கற்கிறாள். ஆண்டு விழாவுக்குப் பயிற்சி நடக்கிறது. மோயமோயா பற்றிப் படித்ததிலிருந்து குழலை ஒளித்து வைத்திருக்கிறேன். அவள் என்னுடன் பேசுவதில்லை.

பழைய ஸ்டெதஸ்கோப்

பாட்டியின் குடத்தை அப்படியே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும் என்பதற்கும், மரபணுப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டும் என்பதற்கும் அது நல்ல தொடக்கம்.

ஆஞ்சியோகிராம் என்றதும் தொடையில் குழாய் விடுவார்கள் என்று பயப்படாதீர்கள். இது அதே எம்ஆர்ஐ எந்திரத்தில், கதிர்வீச்சு இல்லாமல், பெரும்பாலும் மருந்து ஊசிகூடப் போடாமல் சில நிமிடங்களில் எடுப்பது. முதல் தடவை எடுத்த ஸ்கேன் படங்களை நீங்கள் பத்திரமாகக் கொண்டுபோங்கள், ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

குழல் விஷயத்தில், அன்று பள்ளியில் வாசித்தாளா, வாசிக்கும்போதோ முடித்த உடனேயோ எப்போதாவது கை மரத்ததா என்று அவளிடம் கேளுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை, அன்றைய வரிசையும் மைக்ரேனுக்கே பொருந்துகிறது. ஆனாலும் படம் எடுக்கும்வரை ஊத வேண்டாம். காரணத்தை அவளுக்குச் சொல்லிவிடுங்கள், ஒன்பது வயதுக்குப் புரியும். ஆண்டு விழா எப்போது என்று சொல்லி அதற்கு முன்பே தேதி வாங்குங்கள். ரத்தக்குழாய்கள் சரியாக இருந்தால் குழலைக் கொடுத்துவிடுங்கள்.